பேங்குக் கடுதாசி

எழுபதுகளில் பினாங்கு மாநிலத்துப் பிறையில் ஒரு வீட்டுக்கு வங்கியிலிருந்து கடுதாசி வந்தால், அந்தச் செய்தி அந்த வீட்டோடு நிற்காது. தபால்காரர் சைக்கிள் மணியை அடிப்பார். பக்கத்து வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பவர் தலையைத் தூக்கி, "என்ன, பேங்குக் கடுதாசியா?" என்பார். ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா, தமிழ் நேசன் நாளிதழை ஒரு வரி விடாமல் படிப்பவர். ஆங்கிலம் மட்டும் அவருக்கு ஓடாது. நீள உறையைப் பிரித்து, தட்டச்சு செய்த தாளை ஒருமுறை பார்த்துவிட்டு, மடித்த மடிப்பு மாறாமல் உள்ளே வைத்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிடுவார். சாயங்காலம் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, அதை வாத்தியார் வீட்டுக்கு எடுத்துப் போவார். நானும் கூடவே ஒட்டிக்கொள்வேன்.

அந்தக் கடுதாசிகளில் ஒன்று இன்னும் நினைவில் இருக்கிறது. அப்பாவின் சேமிப்புக் கணக்கு இந்தியன் ஓவர்சீஸ் வங்கியில் இருந்தது. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937-இல் தொடங்கிய வங்கி அது. காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்து, அடுத்துப் பினாங்குக்கு வந்தது. ஊருக்குப் பணம் அனுப்ப வசதி என்று நம்மவர்கள் பலர் அதில் கணக்கு வைத்திருந்தார்கள். 1969-இல் இந்திய அரசு 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கியபோது இதுவும் அரசு வங்கியாகிவிட்டது. வெளிநாட்டு அரசுக்குச் சொந்தமான வங்கி இங்கே தொழில் நடத்தக் கூடாது என்று மலேசியச் சட்டம் சொன்னதால், 1973-இல் இந்தியன் ஓவர்சீஸ், இந்தியன் வங்கி, யூகோ வங்கி மூன்றின் இங்குள்ள தொழிலும் சேர்ந்து யுனைடெட் ஏசியன் பேங்க் என்று புதுப்பெயர் எடுத்தது.

இந்த வரலாறு எதுவும் அன்று எங்களுக்குத் தெரியாது. உங்கள் கணக்கு இனி வேறு பெயருள்ள வங்கிக்கு மாறுகிறது, புத்தகத்தோடு வரவும் என்று கடுதாசியில் இருந்தது. அவ்வளவுதான். வாத்தியார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, முதலில் மனசுக்குள் வாசித்தார். பிறகு உறையைத் திருப்பி முத்திரையைப் பார்த்தார். பிறகுதான் வாய்திறந்தார்.

"காசு எங்கேயும் போகலீங்க. பேரு மாறுதாம். எதிலயும் கையெழுத்துப் போட்டு அனுப்பிடாதீங்க. புத்தகத்தை எடுத்துக்கிட்டு நேரா போய்க் கேட்டுட்டு வந்துடுங்க."

மறுவாரம் லீவு போட்டு அப்பா பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறிப் பினாங்குத் தீவுக்குப் போனார். என்னையும் கூட்டிப்போனார்.

பீச் ஸ்திரீட்டைக் காட்டித்தான் வங்கி என்றால் என்ன என்று அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். 1875-இல் சார்ட்டர்ட் வங்கியும் 1884-இல் ஹாங்காங் ஷாங்காய் வங்கியும் பினாங்கில் கடை விரித்த நாளிலிருந்து பணம் உட்கார்ந்திருக்கும் தெரு அது. பெரிய தூண்கள், கனத்த கதவுகள். சில நிமிட நடையில் பினாங்கு ஸ்திரீட்டுக்குப் போனால் கடன் கொடுக்கும் செட்டியார்களின் கிட்டங்கிகள். அங்கே தூணும் இல்லை, கதவும் பெரிதில்லை. தரையில் பாய், முன்னால் சாய்வுப் பெட்டி, பெட்டிக்குப் பின்னால் மேலாள். இரண்டு தெருக்களுக்கும் தோற்றத்தில் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனால் இரண்டிலும் நாம்தான் போய் நிற்க வேண்டும். வங்கி நம் வீட்டுக்கு வராது.

கவுண்டரில் நடந்தது எனக்குப் படம் போல நிற்கிறது. அப்பா தமிழில்தான் கையெழுத்துப் போடுவார். பணம் எடுக்கும் தாளில் அவர் போட்டதைக் குமாஸ்தா வாங்கி, மரப்பெட்டியிலிருந்து ஓர் அட்டையை உருவி, பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தார். யார்டில் பெட்டி இணைக்கும்போது நசுங்கிய விரல் அப்பாவுடையது. 'ழ'வின் வால் அட்டையில் இருந்ததுபோல் வளையவில்லை. இன்னொரு தாள் கொடுத்து மறுபடி போடச் சொன்னார்கள். மறுபடியும் வளையவில்லை. அடையாள அட்டையைக் கேட்டார்கள். உள்ளேயிருந்து ஓர் அதிகாரி வந்து அப்பாவின் முகத்தையும் அட்டையில் இருந்த முகத்தையும் பார்த்தார். ஊர்ப் பெயர், பிறந்த வருஷம், கடைசியாக எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டார். எனக்குக் கோபமாக வந்தது. வெளியே வந்ததும் சொன்னேன். அப்பா சிரித்துக்கொண்டே, "நம்ம காசை நமக்கே இவ்ளோ கேள்வி கேட்டுத் தர்றான்னா, வேற எவன் வந்து கேட்டாலும் தரமாட்டான்டா" என்றார்.

அந்த வாக்கியத்தின் அருமை எனக்கு 2019-இல்தான் விளங்கியது.

அந்த வருஷம் எங்கள் பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவருக்கு 55 வயது நிரம்பியது. பிறைத் தொழிற்பேட்டையில் வாழ்நாள் முழுக்க மிஷின் பார்த்தவர். ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்துச் சேமிப்புக் கணக்கில் போட்டிருந்தார். ஓர் இரவு, சாப்பிட்டுப் படுத்தபிறகு, கைபேசியில் மின்னஞ்சல் வந்தது. வங்கியின் சின்னம், வங்கியின் நிறம், வங்கியின் பெயர். மேலே மலாயில் "அக்காவுன் அண்டா தெலா டிகந்துங்", அதாவது உங்கள் கணக்கு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. 24 மணி நேரத்துக்குள் உறுதிசெய்யாவிட்டால் கணக்கு முடங்கும். கீழே ஒரு பொத்தான்: "தெக்கான் சினி", இங்கே அழுத்தவும்.

அண்ணன் படித்தவர். மலாய், ஆங்கிலம் இரண்டும் நன்றாக வரும். யார் வீட்டுக்கும் எடுத்துப் போகத் தேவையில்லாதவர். மனைவி தூங்கிவிட்டார், பிள்ளைகள் கோலாலம்பூரில். படுத்தபடியே அழுத்தினார். திறந்த பக்கம் அவர் தினமும் பார்க்கும் வங்கிப் பக்கம் மாதிரியே இருந்தது. பயனர் பெயர் போட்டார், கடவுச்சொல் போட்டார். "சற்றுப் பொறுக்கவும்" என்று வட்டம் சுற்றியது. அந்த வட்டம் சுற்றிய நேரத்தில், எங்கோ ஒருவன் அவர் கொடுத்த பெயரையும் சொல்லையும் உண்மையான வங்கித் தளத்தில் போட்டு உள்ளே நுழைந்துவிட்டான். பணத்தை மாற்ற அவனுக்கு டேக் எண், அதாவது ஒருமுறை மட்டும் செல்லும் ஆறு இலக்க உறுதிப்பாட்டு எண் வேண்டும். அதை வங்கி அண்ணனின் கைபேசிக்குத்தான் அனுப்பும். அனுப்பியது. போலிப் பக்கத்தில் ஆறு கட்டங்கள் தோன்றின. அண்ணன் ஆறு இலக்கத்தையும் போட்டார்.

அந்தக் குறுஞ்செய்தியை அவர் பிறகு எனக்குக் காட்டினார். அதில் எல்லாமே எழுதியிருந்தது: இது பணம் மாற்றுவதற்கான எண், இவ்வளவு ரிங்கிட், இந்தக் கணக்குக்கு, யாருக்கும் சொல்லாதீர்கள். உண்மையான வங்கி, உண்மையான எச்சரிக்கையை, சரியான நேரத்தில் அனுப்பியிருந்தது. அவர் கண் இலக்கங்களில் மட்டும் நின்றது. கணக்கு முடங்கிவிடும் என்ற பதற்றத்தில் இருப்பவன் கண் வேறு எங்கே நிற்கும்?

அவர் இரண்டு நாள் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. மனைவி, "ஏங்க, முகம் ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் சொன்னபோது பணம் அடுத்தவர் பெயரில் இருந்த கழுதைக் கணக்குகள் வழியாகத் தாவிப் போய்விட்டிருந்தது. யாரோ ஒரு மாணவன், யாரோ வேலையில்லாத ஒரு பெண், நூறு இருநூறு வெள்ளிக்கு ஏடிஎம் கார்டையும் கணக்கையும் விற்றிருப்பார்கள். போலீஸ் புகாருக்கு நான் துணைக்குப் போனேன். பிறகு வங்கிக் கிளைக்குப் போனோம். அங்கே இளைஞர் ஒருவர் மரியாதையாகத்தான் பேசினார். சுருக்கம் ஒன்றுதான்: "அங்கிள், நம்பரை நீங்களே கொடுத்திருக்கீங்க."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். என்னால் குனிய முடியவில்லை. இந்தப் பதிலை வேறோர் ஊரில் ஒரு வங்கி சொல்லி, அது எடுபடாமல் போன கதை எனக்குத் தெரியும்.

அபுதாபியில் வேலை செய்த ஒரு தூத்துக்குடிக்காரருக்கு 2007 செப்டம்பரில் ஐசிஐசிஐ வங்கியிலிருந்து வந்ததுபோல ஒரு மின்னஞ்சல் வந்தது. விவரங்களைக் கேட்டது, கொடுத்தார். கணக்கிலிருந்து 6.46 லட்சம் ரூபாய் அதே வங்கியின் இன்னொரு வாடிக்கையாளர் கணக்குக்கு மாறி, பெரும்பகுதி மும்பைக் கிளையில் ரொக்கமாக எடுக்கப்பட்டது. உங்கள் கவனக்குறைவு என்றது வங்கி. அவர் விடவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டு அரசின் தகவல் தொழில்நுட்பச் செயலர்தான் இந்த வழக்குகளில் தீர்ப்பு அதிகாரி. 2010 ஏப்ரலில் அந்தப் பொறுப்பில் இருந்த பி.டபிள்யூ.சி. டேவிடார், வங்கி 12.85 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். இந்தியாவில் இந்தவகை மோசடியில் வாடிக்கையாளருக்குச் சாதகமாக வந்த முதல் உத்தரவு என்று அன்று நாளிதழ்கள் எழுதின. வங்கி மேல்முறையீட்டுக்குப் போனது வேறு கதை. அந்த வழக்கில் வாடிக்கையாளர் தரப்பு வைத்த வாதம்தான் எனக்கு முக்கியம்: வங்கி தன் உண்மையான மின்னஞ்சலில், 'இது நான்தான்' என்று காட்ட டிஜிட்டல் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டாமா? அதைச் செய்யாமல் உண்மையையும் போலியையும் பிரித்தறியும் வேலையை வாடிக்கையாளர் தலையில் கட்டலாமா?

அன்று பீச் ஸ்திரீட் பக்கம் என் அப்பாவிடம் கையெழுத்து, முகம், ஊர்ப் பெயர் வரைக்கும் கேட்டது வங்கி. நாம் யார் என்பதை நிரூபித்துத்தான் உள்ளே போனோம். வங்கி யார் என்பதைக் கட்டடமே நிரூபித்தது. தூணையும் கதவையும் யாராலும் ஒரே ராத்திரியில் போலியாகக் கட்ட முடியாது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா அனுமதித்து, 2000 ஜூனில் மேபேங்க் இணையத்தில் கதவு திறந்ததிலிருந்து அந்தக் கட்டடம் நம் கையிலுள்ள திரைக்குள் வந்துவிட்டது. திரையில் தூணும் கதவும் படங்கள்தான். யார் வேண்டுமானாலும் ஒரு மணி நேரத்தில் எடுத்து ஒட்டலாம். நாம் மட்டும் பழையபடி நிரூபித்துக்கொண்டே இருக்கிறோம்: பெயர், சொல், ஆறு இலக்கம். எதிரே இருப்பவர் யார் என்று கேட்கும் பழக்கம் நமக்கு வரவேயில்லை, ஏனென்றால் நூறு வருஷமாக அது தேவைப்படவில்லை.

போலி மின்னஞ்சலை அடையாளம் காண்பது எப்படி என்று வங்கிகள் ஒட்டும் சுவரொட்டிகளை நானும் படித்திருக்கிறேன். அவற்றில் பாதி காலாவதியாகிவிட்டது. எழுத்துப்பிழை இருக்கும் என்பார்கள். பத்து வருஷம் முன்பு இருந்தது உண்மை. இன்று இயந்திரமே எழுதிக் கொடுக்கிறது. மலாய், ஆங்கிலம், தமிழ் எதிலும் ஓர் ஒற்று தவறாது. பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பு என்பார்கள். நாம் அனுப்புவதை வழியில் வேறு யாரும் ஒட்டுக் கேட்க முடியாது என்பதைத்தான் பூட்டுச் சொல்கிறது; மறுமுனையில் இருப்பவன் திருடனா இல்லையா என்பதைச் சொல்லாது. இன்று போலித் தளங்களிலும் அதே பூட்டு இருக்கிறது. அனுப்பியவர் பெயரைப் பார் என்பார்கள். கடித உறையின் பின்பக்கத்தில் யார் பெயரையும் எழுதலாம் என்பதுபோல மின்னஞ்சலிலும் எழுதலாம். 1982-இல் மின்னஞ்சல் விதிமுறையை எழுதியபோது அனுப்புநர் உண்மையானவரா என்று சோதிக்க அதில் இடம் வைக்கவில்லை. பின்னாளில் சோதனைகள் சேர்த்தார்கள். அவை பல போலிகளைத் தடுக்கின்றன, எல்லாவற்றையும் தடுக்கவில்லை. தவிர, கைபேசியில் பெயர் மட்டும்தான் தெரிகிறது. பெயரின் மேல் அழுத்தினால்தான் முழு முகவரி வரும்.

இன்னும் கைகொடுக்கும் அடையாளம் ஒன்று உண்டு, அது இணைய முகவரி. அதை வாசிக்கும் முறையைத்தான் நான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் வரும் கடைசித் துண்டுகளில்தான் சொந்தக்காரர் இருப்பார். 'நம்பேங்க்.காம்.எம்ஒய்' என்று முடிந்தால் வங்கியுடையது. 'நம்பேங்க்.காம்.எம்ஒய்.புதுப்பி.நெட்' என்று முடிந்தால், அது புதுப்பி.நெட் என்பதை வாங்கியவனுடையது. முன்னால் இருக்கும் வங்கிப் பெயர் வெறும் ஒட்டு. நம் ஆட்களுக்கு இது புரியாத விஷயமில்லை. செட்டியார் கடைகளுக்கு அன்று பெயர்ப்பலகை என்று பெரிதாக இருக்காது, விலாசம்தான் இருக்கும்: தாத்தா, அப்பா பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்த வரிசை. ஓர் எழுத்து மாறினால் வேறு குடும்பம், வேறு பெட்டி, வேறு பணம். இரண்டு கடைக்கும் பாதி எழுத்துகள் ஒன்றாக இருக்கும். ஆனாலும் கடன் வாங்கப் போன தோட்டத்து ஆள்கூடக் கடை மாறிப் போனதில்லை.

ஆனால் முகவரி வாசிப்பையும் முழுக்க நம்பிவிட முடியாது; செய்தி உண்மை என்று நம்பிவிட்டால் முகவரியைப் பார்க்கவே தோன்றாது. 2021 டிசம்பரில் சிங்கப்பூரில் ஓசிபிசி வங்கியின் வாடிக்கையாளர்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மோசடிக்காரர்கள் வங்கியின் பெயரையே அனுப்புநராகப் போட்டுக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். பெயர் ஒன்றாக இருந்ததால் கைபேசி அதை வங்கியின் பழைய, உண்மையான செய்திகள் இருந்த அதே வரிசையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. மேலே நேற்றைய உண்மைச் செய்தி, கீழே இன்றைய பொய்ச் செய்தி. யாரால் பிரிக்க முடியும்? ஏறக்குறைய 790 பேர் 1 கோடியே 37 லட்சம் சிங்கப்பூர் வெள்ளியை இழந்தார்கள். அந்த வங்கி முழுத்தொகையையும் திருப்பிக் கொடுத்தது. அடுத்த மாதமே, வாடிக்கையாளருக்கு அனுப்பும் மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் வங்கிகள் இணைப்பே வைக்கக் கூடாது என்று அங்கே முடிவானது.

அந்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. இணைப்பே வராது என்று ஆகிவிட்டால், வந்த இணைப்பு உண்மையா பொய்யா என்று ஆராயும் வேலை நமக்கு இல்லை. அப்பா 1973-இல் செய்ததும் அதுதான். அந்தக் கடுதாசி மெய்யா பொய்யா என்று அவர் ஆராயவேயில்லை. ஆராயும் திறமையும் அவருக்குக் கிடையாது. கடுதாசி சொன்ன வழியில் போகாமல், தனக்குத் தெரிந்த வழியில், தனக்குத் தெரிந்த கட்டடத்துக்குப் போய்க் கேட்டார். இந்தக் காரணத்தால்தான், யார் வந்து கேட்டாலும், அடையாளம் காண்பதில் கெட்டிக்காரராவதைவிட இந்தப் பழக்கத்தைத்தான் முதலில் சொல்கிறேன். மின்னஞ்சலை மூடுங்கள். வங்கியின் ஆப்பை நீங்களாகத் திறங்கள். உண்மையாகவே கணக்கில் சிக்கல் இருந்தால் அங்கே தெரியும். அல்லது கார்டின் பின்பக்கத்து எண்ணைக் கூப்பிடுங்கள்.

அன்றைய நாள்கள் எல்லாம் பொன்னானவை என்று நான் சொல்ல வரவில்லை. படிக்கத் தெரியாததால் எங்கள் சனம் பட்டபாடு கொஞ்சமில்லை. எழுதாத புரோநோட்டில் கைநாட்டு வைத்துவிட்டு, வாங்கியதற்கு இரட்டிப்பாக எழுதிக்கொண்டவனுக்கு ஆயுசு முழுக்க வட்டி கட்டியவர்களை எனக்குத் தெரியும். வாசித்துச் சொல்கிறேன் என்று வந்தவனே ஏமாற்றியதும் உண்டு. பிள்ளைகள் படித்துத் தாங்களே வாசிக்க வேண்டும் என்று அந்தத் தலைமுறை வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் பாடுபட்டது அதனால்தான். அந்த ஆசை நிறைவேறிவிட்டது. நிறைவேறியதோடு, வங்கிக் கடுதாசியை இன்னொருவரிடம் காட்டும் வழக்கமும் போய்விட்டது. இப்போது அது சட்டைப்பைக்குள் வருகிறது, இரவில் வருகிறது, ஒருவருக்கு மட்டும் வருகிறது. வாத்தியாருக்கு மோசடி பற்றி எதுவும் தெரியாது. ஆனால் அவருக்கு அந்தப் பணத்தில் பயமில்லை. பயமில்லாத இன்னொரு ஜோடிக் கண் பார்த்தாலே பாதிப் பொய் உரிந்துவிடும். பக்கத்துத் தெரு அண்ணன் மனைவியை எழுப்பி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

இன்னொன்றும் போனது: நேரம். கடுதாசி வந்ததற்கும் அப்பா கவுண்டரில் நின்றதற்கும் நடுவே ஒரு வாரம் இருந்தது; வாத்தியார் இருந்தார், லீவு இருந்தது, ஃபெர்ரி இருந்தது. 1985-இல் பிறைப் பக்கத்திலிருந்து தீவுக்குப் பாலம் வந்தது, பயணம் சுருங்கியது, பிறகு இணையம் வந்து பயணமே இல்லாமல் போனது. மோசடிக்காரன் '24 மணி நேரத்துக்குள்' என்று ஏன் எழுதுகிறான்? அந்த இடைவெளி கிடைத்தால் நமக்குப் புத்தி வந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். பேங்க் நெகாராவுக்கும் கடைசியில் அது தெரிந்தது. 2022 செப்டம்பரில் அது வங்கிகளுக்கு இட்ட கட்டளைகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்: புதுக் கைபேசியிலிருந்து இணையச் சேவையை முதல்முறை பதிவுசெய்தால் உடனே பணத்தை நகர்த்த முடியாதபடி ஒரு காத்திருப்பு நேரம் வைக்க வேண்டும். பல வங்கிகளில் அது 12 மணி நேரம். பலர் அலுத்துக்கொள்கிறார்கள். நான் அலுத்துக்கொள்ள மாட்டேன். இழந்த ஃபெர்ரியை அவர்கள் திரும்ப ஓடவிட்டிருக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். குறுஞ்செய்தியில் வரும் டேக் எண்ணை விட்டு ஆப்பில் உறுதிசெய்யும் முறைக்கு மாறச் சொன்னதும் அதே கட்டளையில்தான். 2022 அக்டோபரில் 997 என்ற எண்ணும் வந்தது: போலீஸ், பேங்க் நெகாரா, தொடர்பு ஆணையம், வங்கிகள் ஒரே இடத்தில் உட்கார்ந்து, போன பணத்தைத் தொடர்ந்து ஓடுவதற்கான மையம். அண்ணனுக்கு 2019-இல் அது இல்லை. கழுதைக் கணக்கு வைத்திருப்பதையே குற்றமாக்கித் தண்டனைச் சட்டத்தைத் திருத்தியதும் 2024-இல்தான்.

எல்லாம் நல்லதுதான். ஆனால் அடிப்படைக் கோணல் இன்னும் நிமிரவில்லை. சென்ற மாதம் எனக்கு ஒரு வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. பேசிய பெண் பணிவாக, "சரிபார்ப்புக்காக உங்க ஐசி நம்பரைச் சொல்லுங்க சார்" என்றார். நீங்கள் வங்கிதான் என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது என்றேன். அவருக்குப் பதில் தெரியவில்லை, தாளில் எழுதியிருந்ததைத் திரும்ப வாசித்தார். வைத்துவிட்டு, கார்டின் பின்னால் இருந்த எண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். உண்மையான அழைப்புதான், கடன் அட்டைச் சலுகை ஒன்றுக்காகக் கூப்பிட்டார்களாம். யாரிடமும் விவரம் சொல்லாதே என்று சுவரொட்டி ஒட்டும் வங்கியே, தெரியாத எண்ணிலிருந்து கூப்பிட்டு விவரம் கேட்டு நம்மைப் பழக்குகிறது. நாளை மோசடிக்காரன் அதே குரலில் கேட்பான். நாமும் பழகிய நாக்கால் சொல்வோம்.

இதை மாற்ற முடியாதா? முடியும். இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் எல்லா வங்கிகளும் 'பேங்க்.இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று அறிவித்து, அக்டோபர் 31 வரை கெடு வைத்தது. அந்த முகவரி வங்கிகளுக்கு மட்டும்தான் கிடைக்கும். பிரிட்டனில் மோன்சோ என்ற வங்கியின் ஆப்பைத் திறந்தால், வங்கியிலிருந்து யாராவது இப்போது உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறார்களா இல்லையா என்று அதிலேயே தெரியும். 'இல்லை' என்றிருந்தால் வைத்துவிடலாம். வங்கி தன்னை நிரூபிக்கும் வேலை இதுதான். சிங்கப்பூரில் 2024 டிசம்பர் முதல், போலித் தளத்தில் மாட்டிப் பணம் போனால், வங்கி தன் கடமைகளைச் செய்யத் தவறியிருந்தால் இழப்பை வங்கி ஏற்க வேண்டும், தொலைபேசி நிறுவனம் தவறியிருந்தால் அது ஏற்க வேண்டும். பிரிட்டனில் அதே ஆண்டு அக்டோபர் முதல், ஏமாற்றப்பட்டுத் தாமே பணம் அனுப்பியவர்களுக்கும் 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும் என்றாகிவிட்டது. அனுப்பிய வங்கி பாதி, பணத்தைப் பெற்ற வங்கி பாதி. கழுதைக் கணக்கைத் திறந்துகொடுத்த வங்கியின் கையிலும் சுட்டால்தான் அது அடுத்த முறை கேள்வி கேட்கும். என் அப்பாவிடம் கேட்டதுபோல.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வட்டாரத்துக் கோயில் மண்டபத்தில் சிலர் உட்காருகிறோம். பெரியவர்கள் கைபேசியைக் கொண்டுவருவார்கள். மின்னஞ்சலைக் காட்டச் சொல்லி, பெயரின் மேல் அழுத்தி முழு முகவரியை அவர்களையே வாசிக்க வைக்கிறோம். கார்டின் பின்பக்கத்து எண்ணைப் பதிந்து கொடுக்கிறோம். 997-ஐயும் பதிகிறோம், பணம் போனது தெரிந்தால் அழுவதற்கு முன் அந்த எண், எந்த நேரத்தில் எவ்வளவு எந்தக் கணக்குக்குப் போனது என்பது கையில் இருக்கட்டும் என்கிறோம். பக்கத்துத் தெரு அண்ணனும் வருகிறார். தன் கதையை அவரே சொல்கிறார். அந்த ஆறு இலக்கக் குறுஞ்செய்தியை இன்னும் அழிக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் காட்டி, "இலக்கத்தை விடுங்க, மேல எழுதியிருக்கிறதைப் படிங்க" என்பார்.

போன ஞாயிறு ஓர் அக்கா கேட்டார்: "தம்பி, எல்லாரும் பொய்னு சொல்றீங்க. நெசமாவே பேங்க்லேருந்து கூப்ட்டா அவங்க எப்படித்தான் நம்மகிட்ட பேசுவாங்க?"

அந்தக் கேள்வியை அப்படியே ஒரு தாளில் தமிழிலும் மலாயிலும் எழுதி, கிளையின் புகார்ப் படிவத்தோடு இணைத்துக் கொடுத்தேன். மோன்சோ செய்வதையும் எழுதியிருந்தேன். கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண் முழுவதும் வாசித்தார். "அங்கிள், இதை யாரும் கேட்டதே இல்லை" என்றார். அவர் கொடுத்த வெற்றுப் படிவங்களை வாங்கி வந்து மண்டபத்து மேசையில் வைத்திருக்கிறோம். அந்த அக்கா முதலில் எழுதினார். இப்போது அண்ணன் எழுதிக்கொண்டிருக்கிறார்.